சர்வரில் இருக்கும் அமானிதம்



சேலத்துக்கு அருகே, கஞ்சமலையை ஒட்டியிருக்கும் இளம்பிள்ளையில் தறிச்சத்தம் கேட்காத தெரு அரிது. சேலை நெய்வோரும் அதை வாங்கி விற்போரும்தான் இவ்வூரின் பெரும்பகுதி. முன்பு வெளியூர் வியாபாரி பேருந்தில் வந்து, கடைகளில் ஏறி இறங்கி, மூட்டை கட்டிக்கொண்டு போவார். இப்போது அவர் வருவது குறைந்துவிட்டது. காலையில் சேலையின் படம் கைப்பேசிக்குப் போகிறது. மாலைக்குள் ஆர்டர் வருகிறது. வாங்குவோரில் கணிசமானோர் பெண்கள். தத்தம் ஊரில் வீடு வீடாகச் சென்று தவணைக்குச் சேலை விற்றுக் குடும்பம் நடத்துபவர்கள். அவர்களுள் கணவரை இழந்தவர்களும் உண்டு.

அந்தப் பெண்களின் பெயர், வீட்டு முகவரி, கைப்பேசி எண், எவ்வளவு பாக்கி, எத்தனை தவணை தவறியது என்பன எல்லாம் ஒரு சர்வரில் இருக்கின்றன. எட்டு வியாபாரிகள் சேர்ந்து மாத வாடகைக்கு எடுத்த சர்வர் அது. அதைப் பராமரிக்கும் பொறுப்பு எங்கள் மூவரிடம் வந்து சேர்ந்தது. மூவருக்கும் பகலில் வேறு பிழைப்பு. இந்த வேலை பெரும்பாலும் இஷாவுக்குப் பிறகுதான். ஒரு பெண்ணின் எண் அந்நியர் கையில் சிக்கினால் என்ன நடக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. கடையில் இருக்கும் பணப்பெட்டியைப் போல இதுவும் அமானிதம். பணப்பெட்டி காலியானால் அன்று மாலையே தெரிந்துவிடும். சர்வரில் இருப்பது பறிபோனாலோ, பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் நகல் எங்கோ போயிருக்கும். அதனால்தான் அதனுள் என்னென்ன மென்பொருள் இருக்கிறது, எங்கிருந்து வந்தது, யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்ற கேள்விகளை நாங்கள் சற்றுப் பெரிதாகவே எடுத்துக்கொண்டோம்.

சர்வர் என்பது ஏதோ பெரிய இயந்திரம் என்று எண்ண வேண்டாம். எங்கோ ஒரு தரவு மையத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் ஒரு பங்கு, அவ்வளவே. அதற்குத் திரையும் இல்லை, சுட்டியும் இல்லை. நம் கணினியில் ஒரு கறுப்புச் சாளரத்தைத் திறந்து, எஸ்எஸ்எச் என்ற வழியாக உள்ளே நுழைந்து, கட்டளைகளைத் தட்டச்சுச் செய்து வேலை வாங்க வேண்டும். எங்கள் சர்வரில் இருப்பது டெபியன் எனும் லினக்ஸ். இது பலருக்கும் புதிய பெயராக இருக்கலாம். ஆனால் இதன் வழிவந்த ஒன்று தமிழக வீடுகளுக்குள் எப்போதோ நுழைந்துவிட்டது. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளைத் திறந்தால் விண்டோஸா, பாஸா என்று கேட்கும். அந்த பாஸ் லினக்ஸ், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் டெபியனை அடியாகக் கொண்டு உருவாக்கியது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் அதைத் தவறுதலாகத் திறந்து, மிரண்டு, விண்டோஸுக்கே திரும்பினார்கள். எங்களுள் ஒருவர் மட்டும் திரும்பவில்லை. ஆப்ட் என்ற கட்டளையை அவர் முதன்முதலில் தட்டியது அந்த மடிக்கணினியில்தான்.

அந்த ஆப்ட் என்ன செய்கிறது? லினக்ஸில் மென்பொருள் பொதியாக வருகிறது. பொதிக்குள் நிரல் இருக்கும். அது எங்கே வைக்கப்பட வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். தனக்கு முன்னால் வேறு எந்தெந்தப் பொதிகள் இருந்தாக வேண்டும் என்ற பட்டியலும் இருக்கும். ஜக்கார்டு பெட்டியும், அட்டையும், பாவும், ஊடையும் ஒன்றையொன்று சார்ந்திருப்பது நெசவூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒன்று பொருந்தவில்லையென்றால் பூ விழ வேண்டிய இடத்தில் கோடு விழும். பொதிகளின் கதையும் அதுதான். இந்தச் சார்புகளைத் தானே கணக்கிட்டு, வேண்டியவற்றைக் களஞ்சியத்திலிருந்து வரவழைத்து, சரியான வரிசையில் நிறுவுவது ஆப்டின் வேலை. டெபியன் 1993-இல் தொடங்கியது. ஆப்ட் 1999-இல் வெளிவந்த 2.1 பதிப்போடு வந்தது. டெபியன் 12-இன் களஞ்சியத்தில் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. அவற்றைப் பேணுவோரில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். 2023 ஜனவரியில் நம் விழுப்புரத்திலேயே அவர்களின் சிறு மாநாடு ஒன்று நடந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக மாநாடு கொச்சியில் கூடியது.

சர்வர் எங்கள் கைக்கு வந்தபோது இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். அதை முதலில் அமைத்தவர் கூலிக்கு வேலை செய்து கொடுத்துவிட்டு வெளியூர் போய்விட்டார். அவரை இங்கே அடையாளம் காட்டுவது முறையன்று. விட்டுச்சென்றது ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஒரு கடவுச்சொல். உள்ளே என்ன இருக்கிறது என்ற குறிப்பு ஒரு வரிகூட இல்லை. கடையை வாங்கியவர் முதலில் இருப்பு எடுப்பதுபோல், நாங்களும் இருப்பு எடுத்தோம். டிபிகேஜி கட்டளையைக் கொடுத்தால் நிறுவப்பட்ட பொதிகள் அனைத்தும் வரிசையாக வந்து நிற்கும். அறுநூறுக்கும் மேல் இருந்தன. அவற்றில் சார்புக்காகத் தானாக வந்தவை எவை, ஒரு மனிதர் கேட்டு நிறுவியவை எவை என்று பிரித்துக் காட்ட ஆப்ட்-மார்க் இருக்கிறது. கேட்டு நிறுவியவை ஐம்பது சொச்சம்தான். அந்த ஐம்பதுக்கும் ஒரு நோட்டில் பக்கம் ஒதுக்கி, இது எதற்கு, இதைப் பயன்படுத்துவது யார், எடுத்தால் எது நிற்கும் என்று எழுதினோம். மூன்று வாரம் ஆயிற்று. இந்த வேலையில் எங்களுக்கு மிகவும் பிடித்தமான பகுதி அதுதான் என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும்.

பட்டியலில் இருந்தவை எங்களைக் கவலைப்படுத்தவில்லை. பட்டியலில் இல்லாதவைதான் கவலை தந்தன. சர்வரில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு நிரல்களைக் காட்டி, இந்தக் கோப்பு எந்தப் பொதிக்குச் சொந்தம் என்று டிபிகேஜியிடம் கேட்டோம். எதற்கும் இல்லை என்று பதில் வந்தது. பொதியாக வராமல், இணையத்தில் கண்ட ஏதோ ஒரு வரியை நகலெடுத்து ஒட்டியதன் வழியாக வந்தவை அவை. கர்ல் என்று தொடங்கி, ஒரு முகவரியைக் கொடுத்து, அங்கிருந்து வருவதைப் படித்தும் பாராமல் நேரே சர்வரிடம் இயக்கக் கொடுக்கும் வரி அது. அதுவும் எல்லா அதிகாரமும் பெற்ற ரூட் பயனரின் பெயரில். வாசலில் முகம் தெரியாமல் நின்றவரிடம் வீட்டுச் சாவிக்கொத்தைக் கொடுத்து, உள்ளே போய்ச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போவதற்கும் இதற்கும் வேறுபாடு எங்களுக்குத் தெரியவில்லை. அப்படி வந்தவற்றுள் ஒன்று, வாடிக்கையாளர் கணக்கு முழுவதையும் உலாவியில் திறந்து காட்டும் கருவி. நிறுவிய நாளிலிருந்து ஒருமுறைகூட அது புதுப்பிக்கப்படவில்லை. புதுப்பிக்கவும் வழியில்லை, எங்கிருந்து வந்தது என்று ஆப்டுக்குத் தெரியாது. அன்றிரவே அதை நிறுத்தினோம். எட்டு வியாபாரிகளில் ஒருவர்கூட அதைத் தேடவில்லை.

களஞ்சியத்திலிருந்து வருவதை மட்டும் ஏன் நம்ப வேண்டும் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். டெபியன் களஞ்சியத்துக்கு ஒரு தலைப்பட்டியல் உண்டு. அது திறவுகோலால் கையொப்பமிடப்பட்டது. அந்தத் திறவுகோலின் பொதுப் பகுதி நம் சர்வரிலேயே இருக்கிறது. தலைப்பட்டியலில் கிளைப்பட்டியல்களின் கைரேகை இருக்கிறது. கிளைப்பட்டியலில் ஒவ்வொரு பொதியின் கைரேகையும் இருக்கிறது. வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் கைரேகை பொருந்தாது. ஆப்ட் நிறுவ மறுத்துவிடும். எனவே எந்த நகல் தளத்திலிருந்து, யாருடைய கம்பி வழியாக அது வந்தது என்பது பொருட்டில்லை.

மத்ரஸாவில் சில காலம் ஓதியவர் எங்களுள் ஒருவர். இதைக் கேட்டதும் அவர் சொன்னார்: "இது அறிவிப்பாளர் வரிசை மாதிரி அல்லவா இருக்கிறது?" யாரிடமிருந்து யார் கேட்டார், அவர் யாரிடமிருந்து கேட்டார் என்று நபிமொழி ஒவ்வொன்றுக்கும் தொடர் வைத்துக் காத்த சமுதாயம் நம்முடையது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது எங்கள் நோக்கமன்று. ஆனாலும் அந்தப் பேச்சை அவர் அத்துடன் விடவில்லை. தொடர் அறுபடாமல் இருந்தால் மட்டும் போதாது, தொடரில் நிற்கும் ஒவ்வொருவரும் எப்படிப்பட்டவர் என்பதையும் அறிஞர்கள் ஆராய்ந்தார்களே, அதற்கென்று ரிஜால் கலை என்றே ஒன்று உண்டே, இங்கே அதற்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. சில மாதங்களில் உலகமே அதே கேள்வியைக் கேட்டது.

2024 மார்ச் 29. ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை. தராவீஹ் முடிந்து வந்து கைப்பேசியைத் திறந்தால் எக்ஸ்இசட் என்ற பெயராகவே இருந்தது. கோப்புகளைச் சுருக்கும் சிறிய நிரல் அது. கிட்டத்தட்ட எல்லா லினக்ஸிலும் இருக்கும். அதைப் பேணியவர் தனியொருவர், களைத்துப் போயிருந்தவர். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் அவருக்கு உதவ வந்தார். இரண்டாண்டுக்கும் மேலாக ஒழுங்காக உழைத்து, நம்பிக்கையைச் சம்பாதித்து, வெளியீட்டுப் பொறுப்பையும் பெற்ற பின், 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் ஒரு கள்ள வாசலை மறைத்து வைத்தார். சுருக்கும் நிரலுக்கும் சர்வரின் நுழைவாயிலுக்கும் என்ன தொடர்பு? டெபியனில் எஸ்எஸ்எச் வேறொரு நூலகத்தைச் சார்ந்திருந்தது. அந்த நூலகம் எக்ஸ்இசட்டைச் சார்ந்திருந்தது. அந்தச் சார்புச் சங்கிலியின் வழியே அவர் வாசற்பூட்டை எட்டினார்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தம் கணினியில் எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கண்டு, அற்ப விஷயம் என்று விடாமல் துருவினார். கள்ள வாசல் டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் வந்திருந்தது. எங்களைப் போன்றோர் வைத்திருக்கும் நிலையான பதிப்பை எட்டவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பொதிகளின் கையொப்பம் சரியாகவே இருந்தது என்பதுதான். தொடர் அறுபடவில்லை, தொடரில் நின்ற ஒருவர் நம்பத்தகாதவர். மத்ரஸா நண்பர் அதற்குப் பின் பல நாள் எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

இதிலிருந்து நாங்கள் பெற்றது ஒரு நடைமுறை முடிவு. புதிது வந்த அன்றே பாய்ந்து நிறுவுவதில்லை. பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் தள்ளிப்போடுவதில்லை. நிலையான பதிப்பு இதற்கு ஏற்றது. அதில் மென்பொருளின் எண் பல ஆண்டுகள் மாறாது. பிழை கண்டால் அந்தப் பழைய எண்ணிலேயே திருத்தத்தை மட்டும் ஒட்டி அனுப்புவார்கள். "பழைய வெர்ஷனையே வைத்திருக்கிறீர்களே" என்று கேட்பவர்களுக்கு இதை விளக்குவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது.

எங்கள் சர்வரோ டெபியன் 10-இல் நின்றிருந்தது. அதற்கான நீண்டகால ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிவதாக இருந்தது. அதன்பின் பிழை கண்டுபிடிக்கப்பட்டாலும் அந்தப் பதிப்புக்குத் திருத்தம் வராது. மாற வேண்டும் என்று வியாபாரிகளைக் கூட்டிச் சொன்னோம். மூத்தவர் ஒருவர் ஒப்பவில்லை. நாற்பதாண்டு தறி பார்த்தவர்.

"ஓடுற தறியை ஏன் தம்பி நிறுத்தணும்? நின்னா மறுபடி ஓடும்னு என்ன உத்தரவாதம்?"

"நிறுத்த வேண்டாம் பாய். ஆனால் இந்தத் தறிக்கு இனிமேல் உதிரி பாகமும் கிடைக்காது, மெக்கானிக்கும் வர மாட்டார்."

"அப்படின்னா ஆடி வியாபாரம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி முடிச்சிடு. நடுவில் கை வைக்காதே."

அவர் சொன்னதில் பாதி முழுக்கச் சரி. பருவ வியாபாரத்தின் நடுவே சர்வரில் கை வைப்பது அறிவுடைமையன்று. ஆகவே ஜூன் முழுவதும் ஒத்திகை பார்த்தோம். சர்வரின் நகலை வேறோர் இயந்திரத்தில் ஏற்றி, வாடிக்கையாளரின் எண்களையும் முகவரிகளையும் அழித்துவிட்டு, அதில் மாற்றிப் பார்த்தோம். ஒத்திகைக்கு உண்மையான எண்கள் எதற்கு? 10-இலிருந்து 12-க்கு நேரே தாவக் கூடாது. 11 வழியாகத்தான் போக வேண்டும். களஞ்சிய முகவரிகள் எழுதிய கோப்பில் பஸ்டர் என்ற பெயரை புல்ஸ்ஐ என்று மாற்ற வேண்டும், பிறகு புக்வோர்ம். டெபியன் தன் பதிப்புகளுக்கு ஒரு பொம்மைப் படத்தின் பாத்திரங்களைப் பெயராக வைக்கிறது. ஊரார் கணக்கைக் காக்கும் வேலையில் இப்படியொரு விளையாட்டு. பாதுகாப்புக் களஞ்சியத்தின் பெயர் அமைப்பு 11-இல் மாறியிருந்தது. அதைக் கவனிக்காமல் பெயரை மட்டும் மாற்றினால் ஆப்ட் பிழை காட்டும். பிழைச் செய்தியைப் படிக்காதவர் பாதுகாப்புத் திருத்தமே வராத சர்வரை வைத்திருப்பார்.

ஒத்திகையில் பில் அச்சிடும் நிரல் விழுந்தது. பிஎச்பி 7.3-இல் எழுதியது, டெபியன் 12-இல் பிஎச்பி 8.2. இடையில் மொழியிலிருந்தே நீக்கப்பட்ட செயல்களை அந்த நிரல் பயன்படுத்தியிருந்தது. மாற்றி எழுத இரு வாரம். ஒத்திகை இல்லாவிட்டால் அந்த இரு வாரமும் ஆடியில் கழிந்திருக்கும்.

ஜூலை முதல் வாரத்தில் ஓர் இரவைக் குறித்திருந்தோம். ஜூலை 1 அன்று வேறொரு செய்தி வந்தது. எஸ்எஸ்எச் நிரலின் 8.5 முதலான பதிப்புகளில் ஒரு கடுமையான பிழை இருப்பதை குவாலிஸ் நிறுவனத்தார் வெளியிட்டார்கள். 2006-இல் திருத்தப்பட்ட பழைய பிழை, 2020-இல் நடந்த ஒரு மாற்றத்தில் மீண்டும் நுழைந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், நாங்கள் விடப்போகும் டெபியன் 10-இல் இருந்த 7.9 பதிப்பில் இப்பிழை இல்லை. நாங்கள் போகவிருந்த டெபியன் 12-இல் இருந்தது. மூத்தவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"பார்த்தியா தம்பி? பழசுதான் நல்லா இருந்திருக்கு."

மறுக்கவில்லை. அன்று அது உண்மை. ஆனால் டெபியன் 12-க்கு அதே நாளில் திருத்தம் வந்துவிட்டது. அங்கே கவனிக்க ஆள் இருக்கிறது. 10-இன் காவலர் முந்தின நாள்தான் பணி முடித்துப் போயிருந்தார். அடுத்த பிழை அங்கே முளைத்தால் சொல்ல ஆளில்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தறிக்கூடத்துக்கு எங்களை அழைத்துப்போய் ஒன்றைக் காட்டினார். பழைய பாவு தீரப்போகும் தறி. புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையின் நுனியோடு ஒருவர் முடிந்துகொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான இழைகள். "ஒண்ணு விட்டாலும் சேலை முழுக்கக் கோடு வரும். அவசரப்படாம செய்" என்றார். சம்மதம் என்று அதைத்தான் எடுத்துக்கொண்டோம்.

அந்த இரவு பதினொன்றுக்குக் காப்பு நகல் எடுத்து, அதைத் திறக்க முடிகிறதா என்று சோதித்த பிறகே தொடங்கினோம். இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காமலிருக்க டிமக்ஸுக்குள் இயக்கினோம். ஆப்ட் அப்டேட், பிறகு புதுப் பொதியை வேண்டாத சிறு மேம்படுத்தல், பிறகு முழு மேம்படுத்தல். நடுவில் அது நின்று கேட்கும்: இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், உங்களுடையதை வைக்கவா, புதியதை வைக்கவா? எதையும் யோசிக்காமல் ஆம் என்று தட்டுவோர் இங்கேதான் மாட்டுவர். டி என்று அழுத்தினால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும். ஒத்திகையின்போதே ஒவ்வொன்றுக்கும் பதிலை நோட்டில் எழுதி வைத்திருந்ததால், ஒருவர் படிக்க, ஒருவர் தட்ட, மூன்றாமவர் சரிபார்க்க வேலை ஓடியது. மீண்டும் தொடங்கச் சொன்னபின் சர்வர் பதில் தராத அந்த ஒன்றரை நிமிடத்தில் மூவரும் பேசவில்லை. ஃபஜ்ருக்கு முன் முதல் பில் சரியாக அச்சானது.

இப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் தினமும் தாமாகவே நிறுவப்படுகின்றன. அதற்கென்றே ஒரு பொதி இருக்கிறது. மற்றவற்றை ஞாயிறு இரவில் கையால் செய்கிறோம். தரவுத்தளத்தை மட்டும் எங்களைக் கேட்காமல் மாறாதபடி ஹோல்ட் என்று பிடித்து வைத்திருக்கிறோம். என்ன மாறியது என்பதை ஆப்ட் தன் வரலாற்றுக் கோப்பில் தானே எழுதிவைக்கிறது. ஏன் மாற்றினோம் என்பதை நாங்கள் நோட்டில் எழுதுகிறோம். 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தது. 12-க்கு 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவு இருப்பதால் அவசரம் இல்லை. நகல் இயந்திரத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருக்கிறது.

மூத்தவரின் பேத்தி சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். ஞாயிறு இரவுப் பட்டியலை இப்போது அவள்தான் முதலில் வாசிக்கிறாள். சென்ற மாதம் ஒரு பொதியைக் காட்டி, இது எதற்கு என்று நோட்டில் எழுதவில்லையே, எடுத்துவிடலாமா என்று கேட்டாள். அவள் கணினியிலிருந்த நகலில் எடுத்துப் பார்க்கச் சொன்னோம். எதுவும் நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு சர்வரிலிருந்தும் எடுத்தோம்.